கோட்டை கட்டாத மேகங்கள்

நிலாவைச் சுற்றிப் பெரிதாக ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தால் ‘நிலா கோட்டை கட்டியிருக்கு’ என்பார்கள். ஊர்கோள் என்று பழைய பெயர் ஒன்றும் அதற்கு உண்டு. சூரியனும் இதே கோட்டையைக் கட்டும். கண் கூசுவதால் நாம் அண்ணாந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். கையை முழுக்க நீட்டி, சாண் விரித்து, கட்டைவிரலால் சூரியனை மறைத்துக்கொண்டால் சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய அந்த வட்டத்தின் மேல் போய் உட்காரும். அளந்தால் 22 பாகை. சென்னையானாலும் ஹெல்சிங்கியானாலும், சித்திரையானாலும் மார்கழியானாலும் அதே 22தான். ஓர் எண் ஊருக்கு ஊர் மாறாமல் நிற்கிறதென்றால் அதற்குப் பின்னால் வடிவக்கணிதம் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் நான் எழுத வந்தது கோட்டையைப் பற்றி அல்ல. கோட்டை கட்டாமல், சும்மா வெளுத்துப் பரவிக் கிடக்கும் மேகங்களைப் பற்றி. உயரத்தில் மெல்லிசாக மிதக்கும் கீற்று மேகங்களில் பெரும்பாலானவை பளிச்சென்ற முழு வட்டத்தைக் காட்டுவதில்லை. ஏன் காட்டுவதில்லை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், பூமி எவ்வளவு வெயிலை விண்வெளிக்கே திருப்பி அனுப்புகிறது என்ற பெரிய கேள்வியின் வாசலில் கொண்டுபோய் விடும்.

முதலில் கோட்டையின் கணக்கை முடித்துவிடுவோம். தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அடுக்கில் கோத்துக்கொள்கின்றன. அதனால் படிகமும் அறுகோணப் பட்டகமாக வளர்கிறது: பென்சில் துண்டு போல நீளமாக, அல்லது ஆறுமூலைச் சில்லு போலத் தட்டையாக. பென்சிலின் ஒரு பக்கத்தில் நுழைந்த ஒளி, அடுத்த பக்கத்தை விட்டுவிட்டு அதற்கும் அடுத்ததில் வெளியேறினால், 60 பாகை முப்பட்டகத்தில் புகுந்து வந்த மாதிரி. பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் 1.31. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த ஒளி குறைந்தது 21.8 பாகை திரும்பியே தீரும். அதற்குக் குறைவாகத் திரும்ப வழியில்லை என்பதால் அந்த எல்லையில் ஒளி குவிகிறது. வட்டத்தின் உள்விளிம்பு கூர்மையாகவும் லேசான சிவப்பாகவும், வெளிப்பக்கம் கரைந்தும் தெரிவது இதனால்தான். பிரான்ஸின் மரியோத் 17ஆம் நூற்றாண்டிலேயே இந்த விளக்கத்தைச் சொல்லிவிட்டார். ஒரு கணக்கு இத்தனை கச்சிதமாகப் பொருந்தும்போது மனசு மயங்கிப்போகும். மேகத்தில் இருப்பதெல்லாம் கண்ணாடி போல இழைத்த அறுகோணங்கள்தான் என்று நம்பத் தோன்றும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் தொடங்கி எடுத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பனிப்படிகப் புகைப்படங்கள் அந்த நம்பிக்கைக்கு இன்னும் பாலூட்டின. அவர் அழகானவற்றைத் தேடிப் பொறுக்கி எடுத்தவர். அதுவும் தரையில் வந்து விழுந்த பனியை. கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு இந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் பட்டுப்புடவையில்தான் இருப்பார்கள் போல என்று முடிவு கட்டினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

சரி, படிகம் அழகாக இருந்தால் என்ன, கோணல்மாணலாக இருந்தால் என்ன? இங்கேதான் ஓர் எண் வருகிறது. ஒரு துகள் மேல் விழுந்த ஒளி சராசரியாக எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒரே எண்ணில் சுருக்கிச் சொல்லலாம். சமச்சீரின்மை எண் என்று பெயர். பெயர்தான் கரடுமுரடு, விஷயம் எளிது. ஒளி மொத்தமும் வந்த திசையிலேயே தொடர்ந்து போய்விட்டால் 1. முன்னும் பின்னும் சமமாகப் பிரிந்தால் 0. மேகத்து நீர்த்துளிக்கு இது 0.86 சுமாருக்கு இருக்கும். அதாவது உருண்டையான துளி பெரும்பாலான ஒளியை முன்னாலேயே தள்ளிவிடுகிறது. வழவழப்பான பனிப்படிகங்களுக்கு, அவை எவ்வளவு நீளம், எவ்வளவு தட்டை என்பதைப் பொறுத்து, 0.77இலிருந்து 0.9 வரை போகும். சொரசொரப்பானவற்றுக்கு 0.75க்குப் பக்கத்தில். 0.80 என்றால் என்ன, 0.75 என்றால் என்ன, ஐந்து பைசா வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் மேலே திரும்பிப் போகும் வெயிலைத் தீர்மானிப்பது இந்த எண்ணல்ல, ஒன்றிலிருந்து இதைக் கழித்தால் கிடைக்கும் மீதி. 0.80க்கு மீதி 0.20, 0.75க்கு மீதி 0.25. மெல்லிய மேகத்தில் திரும்பும் ஒளி ஏறக்குறைய இந்த மீதிக்குத் தக்கபடி கூடிக் குறையும். ஆக அதே அளவு பனி, அதே தடிமன், ஆனால் கால் பங்கு கூடுதல் வெயில் திரும்பிப் போகிறது. நீர்த்துளியோடு ஒப்பிட்டால் மீதி 0.14க்கு எதிராக 0.25. கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு.

இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிய துகளில் சிதறும் ஒளியில் ஏறக்குறைய பாதி, துகளின் ஓரத்தில் வளைந்து நேர் முன்னால் போய்விடும். அதற்குத் துகளின் நிழல் அளவுதான் முக்கியம்; முகம் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மீதிப் பாதி படிகத்தில் பட்டுத் தெறிப்பதும் உள்ளே புகுந்து வெளியேறுவதும். வடிவத்தின் விளையாட்டு முழுக்க இந்தப் பாதியில்தான். மெல்லிய தட்டைச் சில்லில் மேல்முகமும் கீழ்முகமும் ஒன்றுக்கொன்று இணை. ஜன்னல் கண்ணாடி மாதிரி, உள்ளே புகுந்த ஒளி திசை மாறாமல் அப்படியே மறுபக்கம் வந்துவிடும். வானத்தில் ஒரு தடையும் இல்லாத மாதிரிதான் அது. நீளமும் அகலமும் சமமாக உள்ள குட்டைப் படிகத்தில் ஒளி பல முகங்களில் முட்டித் திரும்புவதால் பின்பக்கம் போவதும் கூடும். முகங்களில் நுண்ணிய மேடுபள்ளம் இருந்தால் கதை இன்னும் மாறுகிறது. டப்பாவைத் திறந்து ஒரு கற்கண்டை எடுத்துப் பாருங்கள். உடைத்த புதுமுகம் கண்ணாடி மாதிரி இருக்கும். டப்பாவுக்குள் ஒன்றோடொன்று உரசிக் கிடந்த பழைய முகம் வெள்ளை பூத்திருக்கும். பொருள் அதே சர்க்கரை, விலகல் எண்ணும் அதே. மேற்பரப்பு மட்டும்தான் வேறு. வெள்ளை பூத்த முகம் ஒளியைக் குறிப்பிட்ட கோணத்துக்கு அனுப்பாது, நாலாபக்கமும் இறைக்கும். 22 பாகையில் குவிய வேண்டிய ஒளி அங்கே குவியாது. கோட்டை கரைந்துபோகும், கரைந்த ஒளியில் ஒரு பங்கு பின்னால் திரும்பும். கோட்டை இல்லாமையும் கூடுதல் வெண்மையும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள் என்பது என் வாதம்.

இதற்குச் சான்று? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பனிப்படிகத்தை ஆய்வகத்தில் வைத்து நிதானமாக அளக்க முடியாது. உருகும், ஆவியாகும், வடிவம் மாறும். அதனால் அவர்கள் சோடியம் ஃப்ளூரோசிலிகேட் என்ற உப்பை எடுத்துக்கொண்டார்கள். அதுவும் அறுகோணமாக வளரும், விலகல் எண்ணும் பனிக்கட்டிக்கு நெருக்கமானது, அறை வெப்பத்தில் உருகாது. ஒளிக்குப் பனியாகவும் கைக்கு உப்பாகவும் இருக்கும் ஒரு வேஷதாரி! பல கிளைகளாக வளர்ந்த இந்த வேஷதாரிகளை அளந்து 2006இல் வெளியிட்டார்கள்: வழவழப்பானதற்கு 0.81, சொரசொரப்பானதற்கு 0.63. மீதிக் கணக்கில் பார்த்தால் 0.19க்கு எதிராக 0.37, கிட்டத்தட்ட இரட்டிப்பு. மேகங்களின் சராசரி 0.63 என்று யாரும் சொல்லவில்லை. அது கடைக்கோடி உதாரணம். ஆனால் மேற்பரப்பு ஒன்றே எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் 84 கன மீட்டர் கொள்ளளவுள்ள அய்டா என்ற மேகக்கூடம் இருக்கிறது. அங்கே நிஜப் பனிப்படிகங்களையே வளர்த்துப் பார்த்ததில், ஈரம் தாராளமாகக் கிடைத்து அவசரமாக வளர்ந்தவை அதிகச் சிக்கலாகவும், ஈரம் குறைவாகக் கிடைத்து மெதுவாக வளர்ந்தவை அதிக ஒழுங்காகவும் இருந்தன.

விமானத்தில் போய் நேரடியாகப் பார்த்துவிடலாமே என்றால், அந்தப் பாதையிலும் ஒரு குழி இருந்தது. விமானம் வினாடிக்கு நூறு மீட்டருக்கும் மேலான வேகத்தில் மேகத்துக்குள் போகும். எதிரே வரும் படிகம் கருவியின் முனையில் மோதினால் தூள்தூளாகச் சிதறும். கருவி அந்தத் தூளையெல்லாம் தனித்தனிக் குட்டிப் படிகங்களாக எண்ணிக்கொண்டிருந்தது. கனடாவின் அலெக்ஸி கொரோலெவ் போன்றவர்கள் சிதறல் உள்ளே தெறிக்காதபடி முனைகளை மாற்றி அமைத்த பிறகுதான், பழைய எண்ணிக்கைகளில் எவ்வளவு தூள் என்று புரிந்தது. பழைய அளவீடுகளை எடுத்து வாதாடுபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்த முனை?

மேலிருந்து பார்த்த சாட்சிகள் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகின்றன. பிரான்ஸ் உருவாக்கிய போல்டர் என்ற கருவி, முதலில் 1996இல் ஏவப்பட்ட ஜப்பானியச் செயற்கைக்கோளிலும், பின்பு 2004 முதல் 2013 வரை பாரசோல் என்ற செயற்கைக்கோளிலும் பறந்தது. ஒரே மேகத்தைப் பல கோணங்களிலிருந்து பார்த்து, ஒளியின் முனைவாக்கத்தையும் அளக்கும். வழவழப்பான அறுகோணங்கள் என்றால் முனைவாக்க வரைகோட்டில் குறிப்பிட்ட கோணங்களில் மேடுகள் தெரிய வேண்டும். தெரிந்ததோ மேடு பள்ளம் அதிகமில்லாத ஒரு சரிவுக் கோடு. படிகத்துக்குள் காற்றுக் குமிழிகள் இருப்பதாக வைத்துக்கொண்ட மாதிரிக்கும், முகங்கள் கடுமையாகச் சொரசொரத்ததாக வைத்துக்கொண்ட மாதிரிக்கும் அது பொருந்தியது. சுத்தமான படிகத்துக்குப் பொருந்தவில்லை. நாசாவின் மோடிஸ் கருவிக்கும் ஒரு பழைய தொல்லை இருந்தது. வெயிலின் பிரதிபலிப்பை வைத்து அது கணக்கிட்ட மேகத்தடிமன், வெப்பக்கதிரை வைத்துக் கணக்கிட்டதைவிடத் தொடர்ந்து அதிகமாக வந்தது. மேகம் ஒன்று, தடிமன் இரண்டு! அந்தக் கணக்கின் ஆறாவது பதிப்பில், அதுவரை வைத்திருந்த வழவழப்பான படிகங்களின் கலவையைக் கைவிட்டு, கடுமையாகச் சொரசொரத்த பட்டகங்கள் கொத்தாக ஒட்டிய ஒரே வடிவத்தை எடுத்துக்கொண்டதும் இரண்டும் நெருங்கி வந்தன. வெப்பக்கதிரைப் பனிக்கட்டி நன்றாக உறிஞ்சிவிடுவதால் வடிவம் அங்கே பெரிதாகக் குறுக்கிடாது. அதனால்தான் அந்தக் கணக்கை நடுவராக வைத்துக்கொள்ள முடிகிறது. லேசர் வைத்து அளந்த கலிப்சோ செயற்கைக்கோளின் கணக்கிலும் அப்போது திருத்தம் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தவறு ஒரு பக்கம் மட்டும் இல்லை.

இங்கே எழக்கூடிய முதல் ஆட்சேபம் நியாயமானது. கோட்டை அவ்வப்போது தெரியத்தானே செய்கிறது, அப்படியானால் வழவழப்பான படிகங்கள் இருக்கத்தானே வேண்டும் என்பது. இருக்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை? 2014இல் ஃபான் டீடன்ஹோஃபன் என்ற ஆய்வாளர் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். சிதறும் ஒளியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வழவழப்பான நீளப் பட்டகங்களிலிருந்து வந்தாலே 22 பாகை வட்டம் கண்ணுக்குப் பட்டுவிடும். மீதி ஒன்பது பங்கு எப்படி வேண்டுமானாலும் கோணலாக இருந்துகொள்ளலாம். கோட்டை என்பது சிறுபான்மையின் சத்தம். கூட்டத்தில் பத்துப் பேர் ஒரே சுருதியில் பாடினால் மீதித் தொண்ணூறு பேரின் சலசலப்பை மீறி அது கேட்கும். அதற்காகக் கூட்டமே பாடுகிறது என்று சொல்ல முடியாது. தென்துருவத்தில் தரையை ஒட்டி மிதக்கும் வைரத்தூசி போன்ற பனிப்படிகங்களில் அற்புதமான வட்டங்களும் வில்களும் தெரிகின்றன என்பதும் உண்மைதான். அவை ஆயிரக்கணக்கான மீட்டர் விழுந்து, வழியில் பாதி ஆவியாகி, மறுபடி வளர்ந்து, ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்ட படிகங்கள் அல்ல.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. பருவநிலை மாதிரிகளை எப்படியும் செயற்கைக்கோள் அளந்த மொத்தக் கதிர்வீச்சுக்குப் பொருந்தும்படி திருகிச் சரிசெய்கிறார்கள். படிகத்தின் எண்ணைத் தப்பாகப் போட்டாலும் கடைசியில் கூட்டுத்தொகை சரியாகத்தானே வருகிறது என்பது. கூட்டுத்தொகை சரியாக வரும். கணக்குப்பிள்ளை வரவில் ஒரு தப்பும் செலவில் ஒரு தப்பும் போட்டு ஏட்டைச் சரிக்கட்டினாலும் அப்படித்தான் வரும். அடுத்த மாதம் வரவு மட்டும் மாறும்போது குட்டு வெளிப்படும். மேகங்களின் ஏட்டில் இந்த அபாயம் அதிகம், ஏனென்றால் அது இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம். 2013இல் வந்த ஐபிசிசி அறிக்கையின்படி, உலக மேகங்கள் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 50 வாட் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன, சுமார் 30 வாட் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. உயரத்துக் கீற்று மேகங்களில் இந்த இரண்டு பக்கமும் இன்னும் நெருக்கமாக நிற்கின்றன. மெல்லியவை பூமியைச் சூடாக்கும் பக்கமே சாய்கின்றன. படிக வடிவம் வெயில் பத்தியை மட்டும் தொடும், வெப்பப் பத்தியை அநேகமாகத் தொடாது. அதனால் வடிவத்தில் செய்யும் தப்பு இரண்டு பக்கமும் ஈடாகி மறையாது. அப்படியே வித்தியாசத்தில் வந்து நிற்கும். கார்ல்ஸ்ரூவின் எம்மா யார்வினெனும் கூட்டாளிகளும் ஒளிச்சிதறல் அளவீடுகளைத் திரட்டி 2018இல் சொன்னது: படிகங்களின் எண் 0.75 அளவில் இருக்கிறது. அதை மாதிரியில் போட்டால் உலகச் சராசரியில் சதுர மீட்டருக்குச் சுமார் 1.1 வாட் கூடுதலான குளிர்ச்சி கிடைக்கிறது. கரியமில வாயு இரட்டிப்பானால் வரும் உந்துதல் 4 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒரே ரகமல்ல: கரியமில வாயு புதிதாக ஏறுவது, படிகத்தின் சொரசொரப்பு காலங்காலமாக இருப்பது. ‘அப்பாடா, பூமி நினைத்ததைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது’ என்று இதை யாராவது பரப்பினால் தயவுசெய்து நம்பாதீர்கள். பூமி அப்படியேதான் இருக்கிறது. நாம் ஏட்டில் எழுதிய விதம்தான் மாறியிருக்கிறது.

மூன்றாவது ஆட்சேபத்தை நானே என் வாதத்துக்கு எதிராக வைக்கிறேன், ஏனென்றால் இது எனக்கும் உறுத்துகிறது. ‘கடுமையான சொரசொரப்பு’ என்பது கணினியில் செய்யும் ஒரு தந்திரம். ஒளிக்கதிர் ஒரு முகத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் அந்த முகத்தைத் தற்செயலாகக் கொஞ்சம் சாய்த்து வைக்கிறார்கள். நிஜத்தில் முகம் அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. முனைகள் குழிந்த பட்டகம், உள்ளே குமிழி, ஆவியாகி உருண்டுபோன ஓரம், ஏழெட்டுப் படிகம் ஒட்டிய கொத்து, எதுவுமே ஒளியைப் பொறுத்தவரை இதே பலனைத் தரலாம். போல்டர் அளவீடு குமிழிக்கும் பொருந்தியது, சொரசொரப்புக்கும் பொருந்தியது என்பதே அதற்கு அத்தாட்சி. மின்னணு நுண்ணோக்கியில் வளர்த்துப் பார்த்த படிகங்களின் முகங்களில் நுண்ணிய வரிவரியான மேடுகள் தெரிந்தன என்பது சொரசொரப்புக்கு ஆதரவான செய்திதான். ஆனால் அந்த வரிகளுக்கு ஒரு திசை இருக்கிறது, கணினியின் சாய்வுக்கு இல்லை. ஆகவே 0.75 என்ற எண்ணை நான் ஏற்கிறேன், அதோடு சேர்த்து விற்கப்படும் படத்தை ஏற்கவில்லை. காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் சொல்வதை நம்பலாம். எந்தக் கிருமி என்று அது சொல்வதில்லை.

ஒழுங்கான படிகங்களே கிடையாது என்று இதை வாசித்துவிடவும் கூடாது. கலிப்சோவின் லேசர் முதலில் அநேகமாக நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. கிடைமட்டமாக மிதக்கும் தட்டைச் சில்லுகள் குட்டிக் கண்ணாடிகள் மாதிரி லேசரை அப்படியே திருப்பி அடித்துக் கணக்கைக் குழப்பியதால், 2007 நவம்பரில் லேசரை 3 பாகை சாய்த்து வைத்தார்கள். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் டிஸ்கவர் விண்கலத்தின் கேமரா படங்களில் நிலப்பரப்பின் மேல் பளிச் பளிச்சென்று புள்ளிகள் தெரிந்தபோது, ஏரியா குளமா என்று முதலில் யோசித்தார்கள். மேகத்துக்குள் படுக்கையாக மிதக்கும் பனிச்சில்லுகளில் பட்டுத் தெறித்த சூரியன் அது என்று நாசாவின் அலெக்ஸாண்டர் மார்ஷக்கும் குழுவும் 2017இல் காட்டினார்கள். ஒழுங்கானவை இருக்கின்றன, கொஞ்சமாக. கொஞ்சமாக இருந்தும் அத்தனை தூரத்திலிருந்து கண்ணில் படுகின்றன. அதே சிறுபான்மைச் சத்தம்தான், வேறு மேடையில்.

எனக்குள்ள மனக்குறை, ஒரே எண்ணை உலகம் முழுக்கப் போடுவதில்தான். வடகிழக்குப் பருவமழையில் வங்கக்கடல் மேல் எழும் இடிமேகத்தின் உச்சியிலிருந்து வழிந்து பரவும் பனிப்படலமும், வெப்பமண்டலத்தில் 16 கிலோமீட்டர் உயரத்தில் சத்தமில்லாமல் தானாக உருவாகும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலமும் ஒரே 0.75ஆக இருக்குமா? அய்டா கூடத்தின் பாடத்தை நம்பினால், அவசரமாக வளர்ந்த முதலாவது கோணலாகவும், நிதானமாக வளர்ந்த இரண்டாவது ஒழுங்காகவும் இருக்க வேண்டும். அப்படியானால் வெயிலைத் திருப்பும் திறமை, எந்த மேகம் எப்படிப் பிறந்தது என்பதைப் பொறுத்து மாறும். சூடாகும் பூமியில் இரண்டு வகை மேகத்தின் பங்கும் மாறினால், திருகிச் சரிக்கட்டிய ஏட்டில் அது வராது. 2024 பிப்ரவரியில் ஏவிய பேஸ் செயற்கைக்கோளில் முனைவாக்கத்தைப் பல கோணங்களில் அளக்கும் கருவிகள் இரண்டு இருக்கின்றன. போல்டரின் வாரிசான ஐரோப்பியக் கருவி ஒன்றும் 2025 ஆகஸ்டில் மேலே போயிருக்கிறது. இடிமேகத்தின் உச்சிப் படலத்தையும் தனித்துப் பிறந்த மெல்லிய படலத்தையும் பிரித்து வைத்து அந்தக் கருவிகளின் கணக்கை யாராவது போடும்போது, இரண்டு எண்களுக்கும் இடையில் குறைந்தது 0.02 இடைவெளி இருக்கும் என்பது என் பந்தயம்.